கலவை ஆறட்டும், தோழர்களே!

தோழர்களே!

சாலையில் தார்க்கலவை விரிக்கும் பேவருக்குப் பின்னால் நடக்கும் தோழர்களே! ரேக் பிடிக்கும் தோழர்களே! சட்டி சுமக்கும் அக்காக்களே, தங்கைகளே! ரோலர் ஓட்டும் அண்ணன்களே! பீப்பாய் உருட்டும், தார் தெளிக்கும், கொடி பிடித்து நடுரோட்டில் நிற்கும் தம்பிகளே! உங்களைத்தான் கூப்பிடுகிறோம். கொஞ்சம் நில்லுங்கள். கேளுங்கள்.

பிளான்ட்டை விட்டுக் கிளம்பும்போது கலவையின் சூடு 150 டிகிரிக்கு மேல். நம் முன்னால் விரிக்கும்போது 140க்குக் குறையக் கூடாது. ரோலர் கடைசி ஓட்டம் முடிக்கும்போதும் 90க்குக் கீழே இறங்கக் கூடாது. வழக்கமாக நாம் போடும் தாருக்கு இதுதான் விதி. அச்சிட்ட விதி. இன்ஜினியர் வருகிறார். தெர்மாமீட்டர் கம்பியைக் கலவைக்குள் குத்துகிறார். எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.

கலவையின் சூட்டை அளக்க ஆள் உண்டு. கருவி உண்டு. நோட்டு உண்டு. அந்தக் கலவையில் நிற்கிற மனிதருக்கு என்ன ஆகிறது என்று குறித்துக்கொள்ள யார் உண்டு?

யாரும் இல்லை, தோழர்களே. நாம் கேட்கவில்லை. அதனால் யாரும் இல்லை.

சட்டி சுமக்கும் அந்த அக்காவின் காலைப் பாருங்கள். செருப்புக்கு மேல் சாக்குத் துணி. சாக்குக்கு மேல் சணல் கயிறு, கணுக்காலில் இரண்டு சுற்று. ஹவாய் செருப்பு மட்டும் போட்டால் சூட்டில் இளகிவிடும். அதனால் சாக்கு. காலையில் கட்டுகிற சாக்கு மதியத்துக்குள் தார் குடித்துக் கனக்கிறது. தார் குடித்த சாக்கு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாலையில் கயிற்றை அவிழ்க்க முடியாது. அரிவாளால் அறுக்க வேண்டும். அறுத்த பிறகு காலைப் பாருங்கள். விரல் இடுக்கில் வெந்த தோல். அதற்கு மேல் டீசல் தடவித் தார் எடுக்கிறாள். அது எரிகிறது. பல்லைக் கடிக்கிறாள். மறுநாள் காலை புதிய சாக்கு.

சாக்கு பாதுகாப்பு இல்லை, தோழர்களே. சாக்கு நம் மௌனம். காலில் கட்டிக்கொண்ட மௌனம்.

அந்தச் சாக்கை நமக்கு நாமே கட்டிக்கொண்டோம். முதலாளி கட்டச் சொல்லவில்லை. கட்டாதே என்றும் சொல்லவில்லை. பூட்ஸ் வாங்கித் தர வேண்டியவன் அவன். நாம் சாக்கு கட்டிக்கொண்டு வந்து நின்றதும் அவன் செலவு மிச்சமாயிற்று. அவ்வளவுதான் நடந்தது.

எப்போதாவது வாய் திறக்கிறோம். உடனே ஒரு குரல் வருகிறது. அந்தக் குரலை நம் எல்லாருக்கும் தெரியும். "கலவை ஆறுது! கலவை ஆறுது! அப்புறம் பேசு! முதல்ல தள்ளு!"

கலவை ஆறுது. இந்த இரண்டு சொல்லில்தான் நம்மை ஓட்டுகிறார்கள். கலவை ஆறுது, தண்ணீர் குடிக்கப் போகாதே. கலவை ஆறுது, டிப்பர் பின்னால் வருகிறதா என்று திரும்பிப் பார்க்காதே. கலவை ஆறுது, கையில் பட்டதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கலவை ஆறுது, பிள்ளை அழுதால் அழட்டும்.

ஆமாம், கலவை ஆறும். 140 டிகிரி 90 டிகிரி ஆவதற்குள் வேலை முடிய வேண்டும். அது உண்மை. அந்த உண்மைக்கு யார் விலை கொடுப்பது என்பதுதான் கேள்வி. கூட இரண்டு ஆள் போட்டால் ஓட வேண்டியதில்லை. இன்னொரு ரோலர் வந்தால் ஓட வேண்டியதில்லை. லாரிகளை இடைவெளி விட்டு அனுப்பினால் ஓட வேண்டியதில்லை. தொட்டிக்கு மேல் தார்ப்பாயை ஒழுங்காக மூடிக் கொண்டுவந்தால் சூடு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அந்தக் காசைத்தான் நம் தோலில் இருந்து எடுக்கிறார்கள்.

தோழர்களே, தோலைப் பற்றிப் பேசுவோம். கூச்சப்படாமல் பேசுவோம்.

கொதிநீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். தார் ஓடாது. ஒட்டும். ஒட்டிக்கொண்டே வேக வைக்கும். பட்டவுடன் நாம் என்ன செய்கிறோம்? பிய்த்து எடுக்கிறோம். தாரோடு தோலும் வருகிறது. அல்லது டீசல் ஊற்றுகிறோம். மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். பெட்ரோல்கூட ஊற்றுகிறோம். யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. இன்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

பிய்க்காதே! டீசல் ஊற்றாதே! தண்ணீர் ஊற்று! சுத்தமான தண்ணீர். ஓடுகிற தண்ணீர். இருபது நிமிடமாவது ஊற்று. மோதிரம், வளையல், வாட்ச் இருந்தால் வீங்குவதற்குள் கழற்று. தார் ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும். ஆறிய தார் அந்தப் புண்ணை மூடித்தான் இருக்கும். மருத்துவமனையில் பக்குவமாக எடுப்பார்கள். ஆனால் விரலையோ மணிக்கட்டையோ கணுக்காலையோ தார் சுற்றி வளைத்துவிட்டதா? ஒரு நிமிடமும் தாமதிக்காதே. ஆற ஆறத் தார் இறுகும். இறுகினால் இரத்த ஓட்டத்தை அடைக்கும். உடனே வண்டி பிடி. கண்ணில் பட்டதா? அதற்கும் உடனே வண்டி பிடி.

அந்த நேரத்தில் கலவை ஆறட்டும்! ஒரு லோடு போனால் போகட்டும்!

இப்போது சொல்லுங்கள். நம் சைட்டில் இருபது நிமிடம் விடாமல் ஊற்றத் தண்ணீர் இருக்கிறதா? தண்ணீர் லாரி வருகிறது. ரோலர் சக்கரத்துக்குத் தண்ணீர் வருகிறது, கலவை ஒட்டக் கூடாதே என்று. சக்கரத்துக்கு வருகிறது. நமக்கு ஒரு பிளாஸ்டிக் கேன், அதுவும் பதினொரு மணிக்கே காலி.

பிளான்ட்டில் நிற்கும் தோழர்களே, பீப்பாய் உருக்கும் தோழர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மழைத் தண்ணீர் இறங்கிய பீப்பாயைக் கொதிக்கிற தாரில் கவிழ்க்காதீர்கள். ஒரு குவளைத் தண்ணீர் போதும். தண்ணீர் ஆவியானால் அதன் பருமன் ஏறக்குறைய 1,700 மடங்கு ஆகும். தார் நுரைத்துப் பொங்கும். கொப்பரையை விட்டு வெளியே பாயும். ஓட நேரம் இருக்காது. "ஈரமா இருக்குதுங்க" என்று நீங்கள் சொன்னால் மேஸ்திரி முறைப்பார். முறைக்கட்டும். சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள். மூடிய தார் டேங்குக்கு மேல் ஏறி மூடியைத் திறந்து மூக்கை நீட்டாதீர்கள். அதற்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். பிறகு நாற்றமே தெரியாது. நாற்றம் போனது ஆபத்து போனதால் இல்லை. மூக்கு மரத்துப்போனதால். தனியாக ஏறாதீர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில்லுங்கள்.

புகையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. புகை தார்போலச் சுடாது. அதனால் பேசுவதில்லை. கண் எரியும், தொண்டை கரகரக்கும், இரவில் இருமல் வரும், தலை வலிக்கும். பீடி குடிக்கிறாய், அதனால்தான் என்பார்கள். நாமும் ஆமாம் என்போம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் நிபுணர்களைக் கூட்டி இந்தப் புகையை ஆராய்ந்தது. சாலை போடும்போது தாரிலிருந்து வரும் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில், 2பி பிரிவில் சேர்த்தது. உண்டாக்கியே தீரும் என்று அது சொல்லவில்லை. நாமும் மிகைப்படுத்த வேண்டாம். உண்டாக்கக்கூடும் என்கிறது. அந்த ஒரு சொல்லே போதாதா? எத்தனை ஆண்டுகளாக நாம் இதைச் சுவாசிக்கிறோம்? நம்மில் எத்தனை பேரின் நுரையீரலை ஒருமுறையாவது ஒரு மருத்துவர் பார்த்திருக்கிறார்?

சூட்டைக் குறைத்தால் புகை குறையும். கணக்கு அவ்வளவுதான். அதற்கு வழி இருக்கிறது. மிதச்சூட்டுக் கலவை என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான கலவையைவிட 20 டிகிரிக்கு மேல் குறைந்த சூட்டில் போடலாம். இந்திய சாலைக் காங்கிரஸ் அதற்கு வழிகாட்டி நெறிகளே வெளியிட்டிருக்கிறது. வழி தெரியாமல் இல்லை. நம் நெஞ்சு யாருடைய எஸ்டிமேட்டிலும் ஒரு வரியாக வரவில்லை.

பிளாஸ்டிக் ரோடு போடும் தோழர்களே, உங்கள் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். குப்பைப் பிளாஸ்டிக்கைச் சாலையாக்கும் முறை நம் மதுரையில் பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் கண்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நமக்கும் பெருமைதான். ஆனால் அந்த முறையிலேயே ஒரு கண்டிப்பு இருக்கிறது. பி.வி.சி. கலக்கக் கூடாது. இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறையும் அதையே சொல்கிறது. சூடான ஜல்லியில் பி.வி.சி. விழுந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். குப்பை மூட்டையைப் பிரித்து இது கேரி பேக், இது பி.வி.சி. என்று பிரிப்பவர் யார்? நாம். அதை நமக்குக் காட்டிக் கொடுத்தவர் யார்? கேளுங்கள். மூட்டை வரும்போதே கேளுங்கள். தெரியாத பிளாஸ்டிக்கை ஜல்லியில் போடாதீர்கள்.

இன்னொன்று. நம்மைக் கொல்வது தார் மட்டும் இல்லை. வண்டி.

ரிவர்ஸில் வரும் டிப்பர். பேவரின் சத்தத்தில் டிப்பரின் ஹாரன் கேட்காது. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்பவர் தெரியாது. ரேக் பிடித்துக் குனிந்திருக்கும் தம்பிக்கு இரண்டும் தெரியாது. ரிவர்ஸ் சொல்ல ஒரே ஆள் வேண்டும். ஒரே ஆள். ஆளுக்கொருவர் "வா வா" என்று கை காட்டக் கூடாது. அந்த ஒருவரைப் பார்க்க முடியாவிட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். டிப்பர் ஓட்டும் தோழர்களே, இதை நீங்கள்தான் செய்ய முடியும். தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள். தொட்டியைத் தூக்குமுன் தலைக்கு மேலே மின்கம்பி பாருங்கள். நீங்களும் நம்மவர்தான். ஒரு தோழர் உங்கள் சக்கரத்தில் போனால் ஜெயிலுக்குப் போவது நீங்கள். காண்டிராக்டர் இல்லை.

பிறகு ரோட்டில் போகிற வண்டிகள். நகரத்தில் இரவில்தான் போடச் சொல்கிறார்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் கூடாது என்று. இரவு பதினொரு மணி. கறுப்பு ரோடு, கறுத்த உடல், அழுக்குச் சட்டை. ஒளிரும் சட்டை கிடையாது. நான்கு கல், ஒரு மரக்கிளை, ஒரு சிவப்புத் துணி. இதுதான் தடுப்பு. குடித்துவிட்டு வேகமாக வருகிறவனுக்கு அந்த மரக்கிளை தெரியுமா?

வேலை நடக்கும் சாலையில் வண்டிகளை எப்படித் திருப்ப வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் ஒரு புத்தகமே போட்டிருக்கிறது. 2014இல் திருத்திய புத்தகம். முன்கூட்டியே எச்சரிக்கும் பகுதி, வண்டியை ஒதுக்கும் பகுதி, வேலைப் பகுதி, பழையபடி சாலைக்கு வரும் பகுதி என்று நான்காகப் பிரித்துச் சொல்கிறது. எங்கே போர்டு, எங்கே கூம்பு, எங்கே விளக்கு என்று படம் போட்டுக் காட்டுகிறது. அந்தப் படத்தை நம்மில் யார் பார்த்தோம்? பெரிய டெண்டர்களில் அதற்கான செலவும் சேர்ந்துதான் வருகிறது. கூம்பு எங்கே? விளக்கு எங்கே? கேட்போம் தோழர்களே. சத்தமாகக் கேட்போம்.

அக்காக்களே, உங்கள் விஷயத்தை உங்களைவிட யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த அறைகூவலில் அது இல்லாமல் போகக் கூடாது. கழிப்பறை இல்லை. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. காலை ஆறு மணிக்குக் குடித்த டீயோடு மதியம் வரை. தார்ச் சூடு கீழே, வெயில் மேலே, உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நீர்க்கடுப்பு, காய்ச்சல், இடுப்பு வலி. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறோம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாமா? கிலோமீட்டருக்கு இத்தனை என்று பில் போடுகிறவர்கள் வெட்கப்படட்டும். பாலியஸ்டர் புடவையோடு தாருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். சூடு பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி கட்டுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். அதை வாங்கித் தர வேண்டியது முதலாளி. மரத்தடியில் தூளியில் கிடக்கும் பிள்ளைக்கும் அதே புகைதான் போகிறது. பிள்ளைக்கு இடம் கேளுங்கள். ஆண் தோழர்களே, இதை அவர்கள் மட்டும் கேட்க விடாதீர்கள்.

வெயில் வரப்போகிறது. இப்போதே வந்துவிட்டது. மழை நின்று தையில் தொடங்குகிற வேலை, மார்ச் 31க்குள் பில் போட வேண்டும் என்று நம்மை விரட்டுகிறது. அது முடிந்தால் அக்னி நட்சத்திரம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. செத்த பிறகு 4 லட்சம். சாகாமல் இருக்க என்ன? பக்கத்துக் கேரளத்தில் கோடை வந்தால் தொழிலாளர் துறை ஆணை போடுகிறது. வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்கு மதியம் 12 முதல் 3 மணி வரை ஓய்வு. ஆண்டுதோறும் போடுகிறார்கள். அங்கே அடிக்கிற அதே சூரியன்தான் இங்கேயும் அடிக்கிறது. அங்கே நிழலில் உட்காரலாம் என்றால் இங்கே ஏன் முடியாது?

முடியும். முடியும் தோழர்களே.

எப்படி என்று சொல்கிறோம். நன்றாகக் கேளுங்கள். இந்த அறைகூவலின் உயிர் இதுதான்.

கலவை ஆறுகிறது என்று நம்மை ஓட்டுகிறார்கள் இல்லையா? அதே கலவைதான் நம் பலம். ஒரு செங்கல் நாளைக்கும் செங்கல்தான். ஒரு மூட்டை சிமென்ட் நாளைக்கும் சிமென்ட்தான். கலவை அப்படி இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் விரிக்காவிட்டால் அது வெறும் குப்பை. அது காண்டிராக்டருக்குத் தெரியும். அதனால்தான் கத்துகிறான். அந்தக் கத்தலில் இருப்பது அதிகாரம் மட்டும் இல்லை. பயமும் இருக்கிறது. நம் கை இல்லாமல் அந்த லோடு ரோடாகாது என்ற பயம்.

ஆகவே லாரி வந்து கொட்டிய பிறகு பேசாதீர்கள். அப்போது நாம் ஓடத்தான் வேண்டியிருக்கும். லாரி பிளான்ட்டை விட்டுக் கிளம்புமுன் பேசுங்கள். காலையில், முதல் லோடுக்குப் போன் போகுமுன் பேசுங்கள். பூட்ஸ் வந்துவிட்டதா? கையுறை வந்துவிட்டதா? தண்ணீர் வந்துவிட்டதா? கூம்பு வைத்தாயிற்றா? ரிவர்ஸுக்கு ஆள் யார்? அடிபட்டால் எந்த வண்டி? இதற்குப் பதில் வந்த பிறகு போன் போகட்டும். வராவிட்டால் போன் போக வேண்டாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு கிலோ கலவை வீணாகாது. நாசவேலை என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். சொல்லுங்கள். 1996இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சாலை வேலையையும் கட்டுமானம் என்று பெயர் சொல்லிச் சேர்த்தது. குடிநீர், கழிப்பறை, முதலுதவி எல்லாம் அதில் இருந்தன. 2025 நவம்பர் 21இல் அதையும் சேர்த்து 13 சட்டங்களை மடித்துப் புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதன் மேல் நமக்கு ஆயிரம் கோபம் உண்டு. கட்டுமான வேலையில் 250 பேர் இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்கிறது. நம் கேங்கில் இருபது பேர். பத்துப் பேருக்குக் குறைவு என்று கணக்குக் காட்டிவிட்டால் சட்டத்தின் கண் நம் பக்கமே திரும்பாது. ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் அதை முதலாளியிடமும், அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அந்தக் கதவில் காலை வையுங்கள். மூட விடாதீர்கள். 250 பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். இருபது பேரும் சேர்ந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெண், ஒரு ஆண். அதுதான் நம் பாதுகாப்புக் குழு. நாம் அமைத்த குழு.

நல வாரிய அட்டை யாரிடம் இருக்கிறது? கை தூக்குங்கள். இவ்வளவுதானா? தமிழ்நாட்டில் 1994இல் இருந்து கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நம் பெயரைச் சொல்லி நல வரியாகப் பிடிக்கிறார்கள். நம் பெயரைச் சொல்லிப் பிடித்த பணத்தை வாங்க நம் பெயர் பதிவில் இல்லை! பதியுங்கள். இந்த வாரமே பதியுங்கள். அடிபட்ட பிறகு ஓடாதீர்கள்.

தனி ஆளாக என்ன செய்ய முடியும் என்று கேட்கிற தோழரே, நியாயமான பயம். வாய் திறந்தவனை மறுநாள் "வேலை இல்லை, போ" என்பார்கள். நமக்குத் தெரியும். முன்பணம் வாங்கியிருக்கிறோம். ஊரில் கடன் இருக்கிறது. அந்தப் பயத்தைச் சிறியது என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் 2002ஐ நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பளம் இல்லை. அடுப்பு எரியவில்லை. அவர்கள் கலைந்து போகவில்லை. மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 41 மாதம்! அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர் என்று அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் நம் ரோட்டுக்காரர்கள். கையில் மண்வெட்டி பிடித்தவர்கள். நம்மைவிட அதிகம் படித்தவர்களா? நம்மைவிட அதிகம் காசு உள்ளவர்களா? சேர்ந்து நின்றார்கள். அவ்வளவே.

கடல் தாண்டியும் ஒன்று சொல்கிறோம். அமெரிக்காவில் 1997இல் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். பேவர் செய்யும் கம்பெனிகள், ரோடு போடும் முதலாளிகள், அரசு, தொழிற்சங்கங்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு ஜூலைக்குப் பிறகு செய்யும் பெரிய பேவர்களில் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கருவி இருக்க வேண்டும் என்று முடிவானது. மேசையில் தொழிலாளியின் நாற்காலி இருந்தது. இங்கே பேவர் புதியது வருகிறது. நம் நாற்காலி எங்கே?

ஒடிசாவில் இருந்து, ஜார்க்கண்டில் இருந்து, பீகாரில் இருந்து வந்த தம்பிகள் நம் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்கள் கூலி குறைத்து வந்தார்கள் என்று முணுமுணுக்காதீர்கள். அவர்களையும் நம்மையும் பிரித்து வைத்தால் யாருக்கு லாபம்? தகரக் கொட்டகையில் பத்துப் பேர் ஒரு பாயில் படுக்கிறார்கள். அடிபட்டால் ஊருக்கு ரயில் ஏற்றிவிடுகிறார்கள், சத்தமில்லாமல். மொழி தெரியாதவன் எச்சரிக்கைக் குரலைப் புரிந்துகொள்ளாமல்தான் சக்கரத்தில் போகிறான். "நில்" என்பதை அவன் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். நம் மொழியில் அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். அவன் இல்லாமல் எடுக்கிற முடிவு முடிவே இல்லை.

இன்று இரவே பேசுங்கள் தோழர்களே. சோறு பொங்கும்போது பேசுங்கள். பக்கத்துக் கேங்கில் பேசுங்கள். போனில் அடுத்த சைட்டுக்குச் சொல்லுங்கள். சாக்கு கட்ட மாட்டோம் என்று சொல்லுங்கள். பூட்ஸ் இல்லாமல் இறங்க மாட்டோம் என்று சொல்லுங்கள். தண்ணீர் இல்லாமல் இறங்க மாட்டோம் என்று சொல்லுங்கள். கூம்பும் விளக்கும் இல்லாமல் இரவு ரோட்டில் இறங்க மாட்டோம் என்று சொல்லுங்கள். சங்கத்தில் இருப்பவர்கள் கிளைக் கூட்டத்தை உடனே கூட்டுங்கள். சங்கம் இல்லாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். எந்தக் கொடி என்று பிறகு பேசலாம். முதலில் கால் வேகாமல் இருக்கட்டும்.

நாளை காலை மேஸ்திரியிடம் போகும்போது ஒருவரை மட்டும் முன்னால் தள்ளாதீர்கள். நன்றாகப் பேசுவான், இவன் போகட்டும் என்று ஒதுங்காதீர்கள். ஒருவர் போனால் ஒருவருக்கு வேலை போகும். இருபது பேரும் போங்கள். அக்காக்களும் போங்கள். ஒடிசாத் தம்பிகளையும் கூட்டிப் போங்கள். பதில் வரும்வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள்!